மலைப் படத்துக்கு எவ்வளவு ஆழம்? கண் அளவா, முழு அளவா, பாதியா, மிகையா?

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் போனில் முப்பரிமாணப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "முதல் படத்துக்கும் ரெண்டாவது படத்துக்கும் நடுவுல எவ்வளவு தள்ளணும்?" ஆறரை சென்டிமீட்டர் என்பார் ஒருவர். கிட்டத்தில் இருக்கிற பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு என்பார் இன்னொருவர். "மலைன்னா ரெண்டு எட்டு நகர்ந்து எடுங்க, அப்பதான் எடுப்பா இருக்கும்" என்று வேறொருவர் சொல்வார். சொல்கிற மூவருக்கும் அது பலித்திருக்கிறது. அவர்கள் நின்ற இடம் வேறு, நீங்கள் நிற்கப்போகிற இடம் வேறு. சிக்கல் அங்கேதான்.

ஒரே காட்சியைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி இரண்டு முறை எடுத்து, ஒன்றை இடக்கண்ணுக்கும் மற்றதை வலக்கண்ணுக்கும் காட்டுவதுதான் முப்பரிமாணப் படம். இரண்டு படங்களுக்கு இடையே கேமரா பக்கவாட்டில் நகரும் தூரத்தைத்தான் இங்கே இடைவெளி என்கிறேன். அது கூடினால் ஆழம் கூடும், ஓர் எல்லைக்கு மேல் தலைவலியும் கூடும். மலைப்பகுதியில் இதை முடிவு செய்வது எதிரே நிற்கும் மலை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. உங்களுக்கும் மலைக்கும் நடுவில் நிற்கிற கம்பிவேலியும், தேயிலைச் செடியும், நீட்டிக்கொண்டிருக்கிற யூகலிப்டஸ் கிளையும்தான் அதை முடிவு செய்கின்றன.

எதையெல்லாம் பார்த்து முடிவு செய்வது

முதலில், படச் சட்டத்துக்குள் வரும் மிகக் கிட்டத்துப் பொருள் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று பாருங்கள். இதில் எல்லோரும் தவறவிடுவது தரையை. போனைக் கண் உயரத்தில் படுக்கைவாக்காக, சாய்க்காமல் பிடித்தால் படத்தின் கீழ் விளிம்பில் தெரியும் தரை ஏறக்குறைய 3 மீட்டரில் இருக்கும். செங்குத்தாகப் பிடித்தால் இன்னும் கிட்டே வரும். நீங்கள் எடுக்க நினைத்த மரம் 15 மீட்டரில் இருக்கலாம், கணக்குக்கு 3 மீட்டர்தான்.

இரண்டாவது, எதில் பார்க்கப் போகிறீர்கள்? போனைச் செருகிப் பார்க்கும் அட்டைப்பெட்டிக் கண்ணாடியில் ஒருவர் மட்டும் பார்ப்பதற்கும், சிவப்பு-நீலக் கண்ணாடி போட்டு டிவியில் வீடே பார்ப்பதற்கும், பள்ளிக்கூட அரங்கில் திரையில் காட்டுவதற்கும் தாங்கும் ஆழம் ஒன்றல்ல.

மூன்றாவது, இரண்டு படங்களுக்கு நடுவே எது அசையும்? காற்றில் இலை, மேகத்தின் நிழல், மஞ்சு (மூடுபனி), மலைப்பாதையில் போகும் பஸ். ஒரே போனில் ஒன்றன்பின் ஒன்றாக எடுப்பவருக்கு இது பெரிய விஷயம். இரண்டு கேமராவை ஒரே நொடியில் தட்டுகிறவருக்கு இது கவலையே இல்லை.

கடைசியாக, பொருள் தன் உண்மையான அளவில் தெரிய வேண்டுமா? மனிதர்களை எடுத்தால் வேண்டும். பள்ளத்தாக்கை எடுத்தால் அவ்வளவு அவசியம் இல்லை.

முப்பதில் ஒரு பங்கு விதி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள ஃபிலிமில் கிட்டத்துப் பொருளுக்கும் தொலைவுக்கும் இடையே உள்ள விலகல் (ஒரு படத்திலிருந்து மற்றதற்கு அவை இடம் மாறும் அளவில் உள்ள வித்தியாசம்) 1.2 மில்லிமீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது ஸ்லைடு காலத்து வழக்கம். அது படத்தின் அகலத்தில் முப்பதில் ஒன்று. 35 மி.மீ. லென்ஸ் போட்டு எடுத்தால், இடைவெளியும் கிட்டப் பொருளின் தூரத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒன்றாக வருகிறது. போனின் முதன்மை லென்ஸ் அதைவிட அகலமானது, அதனால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தாங்கும். இரண்டு மடங்கு ஜூம் செய்தால் நாற்பதில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட வேண்டும்.

| கிட்டப் பொருள் | முழு அளவு (1/30) | பாதி அளவு (1/60) |
|---|---|---|
| 1 மீட்டர் | 3.3 செ.மீ. | 1.7 செ.மீ. |
| 2 மீட்டர் | 6.7 செ.மீ. | 3.3 செ.மீ. |
| 5 மீட்டர் | 17 செ.மீ. | 8 செ.மீ. |
| 20 மீட்டர் | 67 செ.மீ. | 33 செ.மீ. |
| 100 மீட்டர் | 3.3 மீட்டர் | 1.7 மீட்டர் |

இரண்டாவது வரிசையைக் கவனியுங்கள். நம் இரு கண்களுக்கு இடையே உள்ள தூரம் சராசரியாக 6.3 முதல் 6.5 சென்டிமீட்டர். ஆக, கிட்டப் பொருள் 2 மீட்டரில் இருக்கும்போது கண் அளவும் முழு அளவும் ஒன்றுதான். சண்டையெல்லாம் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான்.

கண் அளவு: 6.5 சென்டிமீட்டர்

இரு கண்களும் பார்க்கும் இரு வேறு படங்களிலிருந்துதான் ஆழம் பிறக்கிறது என்று சார்லஸ் வீட்ஸ்டன் 1838-இல் காட்டிய நாளிலிருந்து, 'கண் இருக்கிறபடியே எடு' என்பதுதான் எளிய பதில். ஃபியூஜி 2010-இல் கொண்டுவந்த டபிள்யூ3 என்ற இரட்டை லென்ஸ் கேமராவின் இடைவெளி 7.5 செ.மீ. அதுவும் இந்தக் கட்சிதான்.

மனிதர்களுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, தேயிலைத் தோட்டத்தில் இடுப்பளவு செடிக்குள் நின்று கொழுந்து கிள்ளும் அக்கா என்று 2 முதல் 10 மீட்டருக்குள் இருக்கும் எல்லாம் அளவு மாறாமல் வந்து நிற்கும். முதுகில் தொங்கும் பைக்கும் தோளுக்கும் நடுவே உள்ள இடம்கூடத் தெரியும். எடையை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றினாலே இந்த நகர்வு கிடைத்துவிடும், கருவி எதுவும் தேவையில்லை.

சரி, மலை? மலை செத்துவிடும். 12 மெகாபிக்சல் போனில் 6.5 செ.மீ. இடைவெளிக்கு 20 மீட்டரில் உள்ள பொருள் சுமார் 10 பிக்சல் விலகும். 200 மீட்டரில் அது ஒரே ஒரு பிக்சல். அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் ஒரே திரைச்சீலை. தொட்டபெட்டா உச்சியில், 2,637 மீட்டர் உயரத்தில் நின்று இந்த அளவில் எடுத்த படம் சாதாரணப் படத்துக்கு அண்ணன் தம்பிதான். நேரில் பார்க்கும்போதும் சில நூறு மீட்டருக்கு மேல் இரு கண்ணும் சேர்ந்து தரும் ஆழம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. மஞ்சின் மங்கலும், மலைக்குப் பின்னால் மலை மறைவதும்தான் அங்கே தூரத்தைச் சொல்கின்றன. அதனால் 'நேரில் பார்த்த மாதிரியே வேண்டும்' என்பவர் இந்தத் தட்டைத்தனத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஜூம் செய்து இதைச் சரிக்கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. காட்டுமாட்டைத் தூரத்தில் பார்த்ததும் கை தானாக ஜூமுக்குப் போகும். ஒவ்வொரு மரமும் தனித்தனி அடுக்கில் நிற்கும், ஆனால் மரத்துக்கு உருட்சி இருக்காது. மாடு தலையைத் திருப்பிவிட்டால் அதுவும் போச்சு.

முழு அளவு: முப்பதில் ஒரு பங்கு

தனியாக, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பவருக்கு, கிட்டத்தில் இடைஞ்சல் இல்லாத காட்சிக்கு இதுதான் விருந்து. கொடைக்கானல் பைன் காட்டில் முதல் மரம் 3 மீட்டரில் என்றால் 10 செ.மீ. நகர்த்தலாம். ஒவ்வொரு தண்டும் எந்த வரிசையில் நிற்கிறது என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இங்கே மஞ்சைப் பற்றி ஒரு நம்பிக்கை உலவுகிறது: மஞ்சு இறங்கித் தொலைவை மூடிவிட்டால் இடைவெளியைத் தாராளமாகக் கூட்டலாம் என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். கிட்டத் தூரத்தையும் எட்டத் தூரத்தையும் பெருக்கி, அவற்றின் வித்தியாசத்தால் வகுத்து, வருவதில் முப்பதில் ஒரு பங்கு. முதல் மரம் 3 மீட்டரிலும் மஞ்சுச் சுவர் 30 மீட்டரிலும் என்றால் 10 செ.மீ. என்பது 11 ஆகிறது. அவ்வளவுதான் லாபம். மஞ்சு 6 மீட்டரிலேயே மூடினால்தான் அது 20 செ.மீ. ஆகும். அப்போது படம் எடுக்க என்ன மிச்சம் இருக்கும்? மஞ்சு தரும் உண்மையான உதவி வேறு. பின்னணியில் கண்ணை இழுக்கும் விவரம் எதுவும் இல்லாததால், ஆழம் கொஞ்சம் கூடிப்போனாலும் உறுத்தாது.

முழு அளவின் மறைமுகச் செலவு, பிழைக்கு இடமே விடாதது. கிட்டத்துப் பொருளைத் தப்பாகக் கணித்தால், ஓரத்தில் ஒரு கிளை எட்டிப் பார்த்தால், காலடியில் புல் வந்துவிட்டால் எல்லை தாண்டிவிடும். அந்தக் கிளை படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டு, படச் சட்டம் என்ற ஜன்னலுக்கு முன்னால் பாதியாகத் தொங்குவது போல் தெரியும். இரண்டு படங்களையும் பொருத்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால், சட்டத்தைக் கொஞ்சம் அகலமாகவே எடுத்துவைக்க வேண்டும்.

பாதி அளவு: அறுபதில் ஒரு பங்கு

பிறருக்குக் காட்டுவதற்கு என் ஓட்டு இதற்குத்தான்.

காரணம் திரையில் இருக்கிறது. தொலைவில் உள்ள புள்ளிகள் திரையில் 6.5 சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் பார்ப்பவரின் கண்கள் வெளிப்பக்கமாக விரிய வேண்டும். அது கண்ணுக்குப் பழக்கமில்லாத வேலை. 2 மீட்டர் அகலத் திரையில் முழு அளவுப் படத்தைக் காட்டினால் விலகல் 6.7 செ.மீ., எல்லையிலேயே நிற்கிறது. 3 மீட்டர் திரையில் அதுவே 10 செ.மீ. பள்ளி அரங்கில் பிள்ளைகள் கண்ணாடியைக் கழற்றி வைப்பது இதனால்தான். அவர்களின் கண் இடைவெளி பெரியவர்களைவிடக் குறைவு என்பதால் அவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வலிக்கும். பாதி அளவில் எடுத்தால் 3 மீட்டர் திரையிலும் 5 செ.மீ. தான்.

சிவப்பு-நீலக் கண்ணாடிக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஒரு கண்ணுக்கு உரிய படம் மற்றக் கண்ணிலும் லேசாகக் கசியும். விலகல் கூடக்கூட அந்தப் பேய்க்கோடு பொருளைவிட்டுத் தள்ளி நிற்கும். வெள்ளை மஞ்சுக்கு முன்னால் கறுத்த யூகலிப்டஸ் தண்டு நிற்பதைவிட மோசமான காட்சி இதற்குக் கிடையாது. மலையிலோ அது தெருவுக்குத் தெரு கிடைக்கும். அங்கே பாதி அளவுகூட அதிகம்தான்.

இதன் குறை, கண்ணாடிப் பெட்டியில் பார்க்கும்போது கொஞ்சம் சப்பென்று இருப்பது. பழகிய கண்ணுக்கு "இவ்வளவுதானா?" என்று தோன்றும். பழகாதவர்களுக்கு அது தோன்றுவதில்லை, அவர்களுக்கு உடனே இரண்டு படமும் ஒன்றாகக் கூடிவிடுகிறது.

மிகை அளவு: மீட்டர் கணக்கில்

பள்ளத்தாக்குக்கு வந்தால் கதையே வேறு. கிட்டப் பொருளே 300 மீட்டருக்கு அப்பால் இருக்கும் இடங்கள் இரண்டு மலைகளிலும் ஏராளம்: கொடைக்கானல் தூண் பாறை, கேத்தி பள்ளத்தாக்கு, குன்னூர் லேம்ப்ஸ் ராக். விதிப்படி 10 மீட்டர் நகரலாம். நான் அதை 100-இல் ஒரு பங்காக, 3 மீட்டரில் நிறுத்திக்கொள்வேன். போன் படத்தில் 30 பிக்சல் விலகல் கிடைக்கும். முகடு முகடாகப் பிரிந்து தெரிய அது போதும்.

பூம்பாறைக்கு இதைவிடப் பொருத்தமான அளவு இல்லை. சாலை வளைவில் நின்று பார்த்தால் கீழே ஊரும், குழந்தை வேலப்பர் கோயிலும், பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களும் தெரியும். கண் அளவில் எடுத்தால் அந்த வயல்கள் பச்சைக் கோடுகள். 3 மீட்டர் நகர்ந்தால் ஒவ்வொரு படியின் உயரமும் எழுந்து வரும், எந்தப் படி எங்கே உடைந்து சரிந்திருக்கிறது என்பதுகூட. வானிலிருந்து எடுத்த ஜோடிப் படங்களை வைத்து நில வரைபடம் தயாரிப்பவர்கள் மிகப் பெரிய இடைவெளியைப் பயன்படுத்துவதும் இதற்காகத்தான்.

விலை ஒன்று உண்டு. 6.5 செ.மீ. கண்ணுள்ள நாம், 6.5 மீட்டர் இடைவெளியில் எடுத்ததைப் பார்த்தால் உலகம் 100 மடங்கு சுருங்கும். 100 மீட்டர் பாறை ஒரு மீட்டர் பொம்மை. இப்படி எடுத்த பூம்பாறைப் படத்தைப் பெட்டியில் வைத்துப் பார்த்த டீக்கடை அக்கா, "என்ன தம்பி, நம்ம ஊரைக் கொலுவுல வச்ச மாதிரி இருக்கு" என்றார். அதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. கொலு பிடிக்கும் என்றால் எடுங்கள். மலையின் பிரம்மாண்டம் வேண்டும் என்றால் இது உங்களுக்கு ஆகாது, இடைவெளியைக் கூட்டக்கூட மலை சிறுத்துக்கொண்டே போகும்.

மறைமுகச் செலவு மிக அதிகமான வழியும் இதுதான். கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக் பாதை மலையோரமாகவே நீள்வதால் பக்கவாட்டில் நடந்து எடுக்கத் தோதானது. ஆனால் ஓரத்துக் கம்பி ஒன்றரை மீட்டரில் சட்டத்துக்குள் வந்துவிட்டால், 3 மீட்டர் இடைவெளிக்கு அது 6,000 பிக்சல் விலகும். படத்தின் அகலமே 4,000 பிக்சல்தான். இடது படத்தில் ஒரு கம்பி, வலது படத்தில் வேறொரு கம்பி, கண் எதை எதோடு சேர்க்கும்? கம்பியை ஒட்டி நின்று, போனை அதற்கு மேலே பிடித்து எடுங்கள். கம்பி இல்லாத பாறை விளிம்பில் போனைப் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் நகரவே நகராதீர்கள். முதலில் இரண்டு இடங்களையும் நடந்து பார்த்துவிட்டு, அப்புறம் நின்று எடுங்கள்.

அடுத்தது மேக நிழல். நீங்கள் இரண்டு எட்டு வைப்பதற்குள் சரிவில் நிழல் நகர்ந்திருக்கும். அது நகர்ந்த திசையைப் பொறுத்து, தேயிலைக்கு மேலே கறுப்புப் படலமாக மிதக்கும், அல்லது தோட்டத்துக்குள் குழி விழுந்ததுபோல் அமுங்கும். பஸ்ஸும் அப்படித்தான், சாலையைவிட்டு அந்தரத்தில் ஓடும். வானம் சீராக மூடியிருக்கும் நாளோ, துளி மேகமில்லாத காலையோதான் இதற்கு வாய்ப்பான நேரம். இரண்டு முறையும் தொலைவில் உள்ள ஒரே முகட்டைப் படத்தின் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்னச் சாய்வை ஸ்டீரியோஃபோட்டோ மேக்கர் என்ற இலவச மென்பொருள் தானே நேராக்கிவிடும்.

போன் தானே தரும் ஆழம்: 2 சென்டிமீட்டர்

ஐபோன் 15 ப்ரோ போன்றவற்றில் இரண்டு லென்ஸும் ஒரே நேரத்தில் பதிவதால் அசைவுத் தொல்லை அடியோடு இல்லை. இடைவெளி சுமார் 2 செ.மீ. தான் என்பதால் முக்கால் மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை நன்றாக இருக்கும். ஓடும் குழந்தைக்கும் சூடான மிளகாய் பஜ்ஜித் தட்டுக்கும் சரி. மலைக்கு இதை நம்ப வேண்டாம்.

பூவுக்கு

கிட்டத்தில் எடுக்கும்போது எல்லோரும் தவறுவது எதிர்ப்பக்கமாக. கை தானாக ஆறு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 30 செ.மீ. தூரத்தில் இருக்கும் பூவுக்கு ஒரு சென்டிமீட்டர் போதும், பின்னணி மலைவரை திறந்திருந்தால் அதற்கும் கொஞ்சம் குறைவாக. 2018-இல் கொடைக்கானலில் பூத்த நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக் கணக்குப்படி 2030-இல் மறுபடி பூக்க வேண்டும். செடியை மட்டும் எடுக்கலாம், பின்னால் பள்ளத்தாக்கை எடுக்கலாம். இரண்டையும் ஒரே ஜோடியில் அடைக்க ஆசைப்பட்டால் பூவுக்கு ஏற்ற அளவைத்தான் எடுக்க வேண்டும், பின்னணி தட்டையாகத்தான் வரும். வேறு வழியில்லை.

எதுவும் முடிவாகவில்லை என்றால்

நினைவக அட்டையில் இடம் இருக்கிறது. நின்ற இடத்தில் ஒன்று, 3 செ.மீ. தள்ளி ஒன்று, 6 தள்ளி ஒன்று, ஒரு எட்டு வைத்து ஒன்று என்று ஒரே வரிசையில் எடுத்துவிட்டால், எந்த இரண்டைச் சேர்ப்பது என்று வீட்டில் முடிவு செய்யலாம். அசையாத காட்சிக்குத்தான் இது செல்லும். காற்றடிக்கும் தேயிலைச் சரிவில் முதல் படத்து இலையும் நான்காம் படத்து இலையும் ஒன்றுக்கொன்று அந்நியம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயிலில் இந்த வரிசையை ரயிலே எடுத்துக் கொடுக்கிறது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடிக்கு சுமார் 2.8 மீட்டர். பள்ளத்தாக்குக்கு ஏறக்குறைய நாம் கேட்ட இடைவெளி. ஜன்னலோரம் உட்கார்ந்து தொடர்ச்சியாகத் தட்டிக்கொண்டே வந்து, ஒரு நொடி விட்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்தப் பாதையில் 208 வளைவுகள். வளைவில் ரயில் திரும்பும்போது கேமராவும் திரும்பிவிடும், அந்த ஜோடி பொருந்தாது. நேர்ப்பாதையிலோ பாலத்தின் மேலோ எடுத்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாலத்தில் பக்கத்து மரக்கிளைத் தொல்லையும் இருக்காது. வெளியே பார்க்கும் உங்களுக்கு ரயில் வலப்பக்கம் நகர்ந்தால் முதலில் எடுத்தது இடக்கண்ணுக்கு, இடப்பக்கம் நகர்ந்தால் முதல் படம் வலக்கண்ணுக்கு. மாற்றிப் போட்டால் பள்ளத்தாக்கு மேடாகவும் முகடு பள்ளமாகவும் தெரியும், அப்போது படங்களை இடம் மாற்றினால் போதும்.